வி பிளாக்கும் தொடை எலும்பும்

ஆயுத பூஜை அன்று எங்கள் லேபில் மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு சந்தனப் பொட்டு வைப்பார்கள். எலும்பு அறுக்கும் ரம்பத்துக்கு மூன்று. யாரும் சொல்லிச் செய்வதில்லை. பொட்டு வைக்கிற அட்டெண்டர் அக்காவின் கை அந்த இடத்தில் தானாகக் கொஞ்சம் தயங்கி நிற்கும். விரலோடு போகக்கூடிய சாமான் அந்த அறையில் அது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

ஆபரேஷனில் எடுத்த எதுவும் பத்தாலஜி லேபுக்கு வரும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். பித்தப்பையோ கர்ப்பப்பையோ தைராய்டோ, எது வந்தாலும் நீளமான கத்தி ஒன்று போதும். தபால்தலை அளவுக்குத் துண்டு எடுத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நாலைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம். எலும்பு மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு. கத்தி இறங்காது, மைக்ரோடோம் பிளேடு பல்லிளித்துவிடும். அதனால் வாளியில் வருகிற முழங்காலுக்கும் ஸ்லைடில் தெரிகிற செல்லுக்கும் நடுவில் இரண்டு வேலை கூடுதலாக உண்டு. முதலில் ரம்பத்தால் மெல்லிய பலகையாக அறுக்க வேண்டும். அப்புறம் அமிலத்தில் போட்டுத் தாதுவைக் கரைக்க வேண்டும். இதில் ஆபத்து முழுக்க முதல் வேலையில் இருக்கிறது.

கொங்குப் பக்கத்து லேபுகளுக்கு வரும் பெரிய எலும்புகள் பெரும்பாலும் நான்கு வகை. சர்க்கரை நோயால் அழுகிப்போய் எடுத்த கால்கள்தான் அதிகம். சாலை விபத்திலோ மிஷினிலோ நசுங்கியவை அடுத்தது. இதில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கோயமுத்தூர் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் உருவாக்கி 2006-ல் வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று, வெட்டுக்காயத்தோடு முறிந்த காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிடுவதா என்று முடிவெடுக்க இன்று வெளிநாடுகளிலும் உதவுகிறது. ஒரு கால் பிழைத்தால் எங்கள் மேஜைக்கு ஒரு வாளி குறையும். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. மூன்றாவது, இடுப்பு மாற்று அறுவையில் வரும் தொடை எலும்பின் பந்துத் தலை. நான்காவது எண்ணிக்கையில் குறைவு, கனத்தில் அதிகம்: எலும்புப் புற்று.

ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னாலேயே இந்த வேலையின் பாதி முடிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நேராக ரம்பத்துக்குப் போகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். முதல் கேள்வி, எக்ஸ்ரே எங்கே? உள்ளே பழைய பிளேட்டோ ஸ்க்ரூவோ இருந்தால் ஓடுகிற வாள் இரும்பில் மோதும். பல் தெறிக்கும், வாளே அறுந்து வெளியே வரலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் விழுந்து கால் ஒடிந்து கம்பி வைத்த கதையை நோயாளி மறந்திருப்பார். கேஸ் ஷீட்டிலும் இருக்காது. எக்ஸ்ரே மறக்காது. எந்தத் தளத்தில் அறுத்தால் நோய் முழுதாகத் தெரியும் என்பதையும் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

இரண்டாவது கேள்வி வாளியைப் பற்றியது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. அறுபது கிலோ ஆளின் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி உடல் எடையில் ஏறக்குறைய ஆறு சதவீதம், அதாவது மூன்றரை கிலோ சொச்சம். ஸ்பெசிமனை, அதாவது வெட்டி எடுத்து அனுப்பிய பகுதியை, போலப் பத்து மடங்காவது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் வேண்டும் என்பது பாடம். முப்பத்தைந்து லிட்டர். கால் வந்து சேர்வதோ இருபது லிட்டர் பெயின்ட் வாளியில், அதுவும் பாதி அளவு ஃபார்மலினில், கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டு. ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகும் என்று படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அது மெல்லிய சதைக்கு, அதுவும் முதல் சில மணி நேரத்துக்கு. ஆழம் கூடக்கூட வேகம் குறையும். தோலும் கொழுப்பும் தடுக்கும், எலும்பின் கெட்டியான வெளிச்சுவர் கிட்டத்தட்ட அடைத்தே விடும். ஏப்ரல் வெயிலில் கரூரிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கிளம்பிய வாளியில், வெளித்தோல் விறைத்துப் பதப்பட்டிருக்கும். உள்ளே மஜ்ஜை அழுகிக்கொண்டிருக்கும்.

ஆக, அறுத்தால்தான் உள்ளே மருந்து போகும். மருந்து போனால்தான் அறுப்பவருக்குப் பாதுகாப்பு. இந்த முடிச்சை அவிழ்க்க ஒவ்வொரு லேபும் ஒரு வழி வைத்திருக்கிறது. எங்கள் வழி, வந்த அன்றே நடுவாக ஒரே ஒரு வெட்டு, அதையும் மெதுவாக, முழு முன்னேற்பாட்டோடு. இரண்டு பாதியையும் புது ஃபார்மலினில் ஓரிரு நாள் ஊறப்போட்டு, மீதி வெட்டுகளை அதன் பிறகு வைத்துக்கொள்வோம். சில இடங்களில் முழுக் காலையும் டீப் ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து அறுப்பார்கள். தோல், தசை, எலும்பு எல்லாம் ஒரே தளத்தில் பலகை பலகையாக வரும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் உறைந்த கிருமி செத்த கிருமி ஆகாது. பனிக்கட்டிப் படிகம் செல்லையும் கிழித்துவிடும். மியூசியத்தில் வைக்க நல்ல வழி. நோயைக் கண்டுபிடிக்க எனக்கு அவ்வளவு பிடித்த வழி இல்லை.

சரி, ரம்பத்துக்கு வருவோம்.

சின்ன வேலைக்கு, பிரேதப் பரிசோதனையில் மண்டையோட்டைத் திறக்கும் ஆடும் ரம்பம் உண்டு. மாவுக்கட்டு வெட்டும் மிஷினைப் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதிதான். அமெரிக்காவில் ஹோமர் ஸ்ட்ரைக்கர் என்ற எலும்பு மருத்துவர் 1940-களில் மாவுக்கட்டு வெட்டத்தான் இதை உருவாக்கினார். பிளேடு முழுவட்டம் சுற்றாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துளித்துளியாக ஆடும். கெட்டியானதை அறுக்கும், மெத்தென்ற தோல் அதோடு சேர்ந்தே ஆடிக்கொடுத்துவிடும். முழுத் தொடை எலும்பை நீளவாக்கில் பலகை போட இது பற்றாது. அதற்குப் பேண்ட்சா வேண்டும். மேலும் கீழும் இரண்டு சக்கரம், அவற்றைச் சுற்றி ஓடும் நாடா வாள், நடுவில் ஒரு மேடை. மேட்டுப்பாளையம் மர டிப்போக்களிலும் உறைந்த ஆட்டுக்கறி அறுக்கும் கடைகளிலும் இருப்பதன் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரத்தூள் பூசிய, தண்ணீர் பாய்ந்துகொண்டே அறுக்கிற மிஷின்களும் உண்டு. கிட்டத்தட்ட விரலையே வெட்டாது என்பார்கள், விலையைக் கேட்டால் கை தானாக விலகிக்கொள்ளும்.

நாங்கள் பேண்ட்சா வாங்கிய புதிதில் அதைச் சரிபார்க்க கோயமுத்தூர் கணபதிப் பக்கத்து பட்டறையிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். அறுபதைத் தாண்டியவர். நான் இரட்டைக் கையுறை போட்டு, அதன் மேல் இரும்பு வலைக் கையுறையும் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் ஸ்விட்சைப் போட வந்த கையை எடுத்துவிட்டார்.

"ஏனுங் டாக்டரம்மா, ஓடுற வாளுகிட்ட இதைப் போட்டுட்டு நிக்கலாமுங்களா? பல்லுல ஒரு கண்ணி மாட்டுனாப் போதுமுங்க. வலை முன்னால போகும், கை பின்னால போயிருமுங்."

எங்கள் தொழிலில் கையுறை இல்லாமல் ஸ்பெசிமனைத் தொடுவது பாவம். அவர் தொழிலில் கையுறையோடு ஓடுகிற மிஷினைத் தொடுவது பாவம். இரண்டு பேர் சொல்வதும் சரி. எலும்பு அறுக்கும் மேஜை இந்த இரண்டு விதியும் முட்டிக்கொள்கிற இடம், இதைத் தெளிவாகச் சொல்லித்தரும் பாடப்புத்தகத்தை நான் படிக்கிற காலத்தில் பார்த்ததில்லை. இரும்பு வலைக் கையுறை கையால் பிடித்து வெட்டும் கத்திக்கானது. கத்தி தானாக ஓடாது. பேண்ட்சாவின் பல் ஓடிக்கொண்டே இருப்பது, மாட்டியதை விடாமல் இழுப்பது. அன்றிலிருந்து எங்கள் ஏற்பாடு இது: ரத்தத்துக்கும் ஃபார்மலினுக்கும் கையை ஒட்டிய, தொளதொளப்பில்லாத கையுறை. வாளுக்குக் கையுறையே பதில் கிடையாது, தூரம்தான் பதில். வாளிலிருந்து ஒரு சாணுக்குள் விரல் வரக்கூடாது. அந்த ஒரு சாணை நிரப்ப கிளாம்ப், தள்ளுகட்டை. மேடையில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடும் போட்டிருக்கிறோம்.

மேஸ்திரி அடுத்துக் கேட்டதுதான் முக்கியமானது. மேடையில் நான் வைத்திருந்த தொடை எலும்பின் பந்துத் தலையை ஒரு விரலால் தட்டினார். அது உருண்டது.

"ஜாப் உக்காரவே இல்லீங்களே. இது எப்படீங்க அறுபடும்?"

பட்டறையில் அறுபடும் பொருள் எதுவானாலும் ஜாப். ஜாப் மேடையில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதன் பின்னால் இருக்கிற கணக்கை யோசித்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பேண்ட்சா வாள் மேலிருந்து கீழே ஓடுகிறது. அடி தட்டையாக உள்ள பொருளை அது மேடையோடு அழுத்தும், அதனால் அசையாது. உருண்டையான பொருள் மேடையைத் தொடுவது ஒரே புள்ளியில். வாள் தொடுவதோ அதன் முன்பக்கத்தை, அந்தப் புள்ளிக்கு வெளியே. பல் பிடித்துக் கீழே இழுத்ததும் முன்பக்கம் தாழும், பின்பக்கம் எழும்பும், உருண்டை வாளை நோக்கிச் சுழலும். பிடித்திருக்கும் விரலும் அதோடு போகும். எல்லாம் கண் இமைக்கிற நேரம். பந்துத் தலை நாலரை, ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுதான், எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரியது. அதைக் கையில் பிடித்து அறுத்தால் விரலுக்கும் வாளுக்கும் நடுவில் இருப்பது இரண்டே சென்டிமீட்டர், மேலே கொழுப்பு வழுக்கும். சின்ன எலும்பு எளிது, பெரிய எலும்பு ஆபத்து என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படியே தலைகீழ்.

நான் பயிற்சியில் இருந்த இடத்தில், ஊரும் பேரும் வேண்டாம், அனுபவமுள்ள டெக்னீஷியன் அண்ணன் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் நுனி போனது இப்படித்தான். சாயங்காலம் ஐந்து மணி, கடைசி ஸ்பெசிமன், பந்துத் தலை. "இது ஒண்ணுதானே" என்று கையில் பிடித்தார். மிஷினில் குறையில்லை, வாளும் புதுசு. அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். பிடிக்க ஒரு கிளாம்ப் வாங்கித் தராத கவனக்குறைவு யாருடையது என்று அதில் எழுதவில்லை.

மேஸ்திரி மறுநாளே ஒரு வி பிளாக் கொண்டுவந்தார். லேத் பட்டறைகளில் உருளையான ஜாபை உட்காரவைக்கிற, நடுவில் பள்ளம் வெட்டிய கட்டை. எஃகில்தான் செய்வார்கள்; எங்களுக்கு நைலானில் செய்திருந்தார், வாள் தவறிப் பட்டாலும் பல் போகாது என்று. மரத்தில் வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன், ரத்தத்தைக் குடித்துக்கொள்ளும். பள்ளத்தில் பந்துத் தலை இரண்டு பக்கமும் அணைத்து உட்காரும். மேலிருந்து ஒரு திருகு அழுத்திப் பிடிக்கும். நீளமான எலும்புக்கு வேறு தந்திரம்: முதலில் ஓரமாகச் சீவி ஒரு தட்டையான முகம் உண்டாக்கிவிட்டால், அந்த முகமே அடுத்த வெட்டுகளுக்கெல்லாம் அடித்தளம். முதல் வெட்டு எப்போதும் கிளாம்பில்.

வாளை நேராகப் பிடித்திருக்கும் மேல் கைடை ஸ்பெசிமனுக்கு ஒரு விரற்கடை மேலே வரை இறக்கிவிட வேண்டும், திறந்து கிடக்கும் வாளின் நீளம் அவ்வளவுக்கு அவ்வளவு குறையும். தள்ளும்போது அழுத்தம் கூடாது. வாள் தானாகத் தின்னட்டும். அழுத்தினால் சூடாகும், வெட்டுமுகத்தில் செல்கள் வெந்துபோய்ச் சாயம் பிடிக்காது. அதைவிட மோசம், எலும்பின் கெட்டிச் சுவர் முடிந்து பஞ்சு போன்ற உட்பகுதி வந்ததும் தடை சட்டென்று விட்டுப்போய்க் கை முன்னால் பாயும்.

இன்னொரு விஷயம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பார்கள். நடுராத்திரி கரண்டு வந்தாலும் மோட்டார் தானாக ஓடும். ரம்பத்தில் இதற்கு நேர் எதிரானது வேண்டும். அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போகிறது. வாள் எலும்பின் நடுவில் நிற்கிறது. ஸ்விட்சை அணைக்க மறந்து, எலும்பை விடுவிக்கக் கையை வைக்கிறீர்கள். ஜெனரேட்டர் எடுக்கிறது. சாதாரண ஸ்விட்ச் போட்ட ரம்பமானால் அந்த நொடியே ஓடும். பச்சை, சிவப்பு பட்டன் உள்ள ஸ்டார்ட்டரில் இருக்கும் நோ வோல்ட் காயில் இதைத் தடுக்கும், கரண்டு போனதும் விட்டுவிடும், மறுபடி பச்சையை அழுத்தும்வரை ஓடாது. பெரிய செலவில்லை. ஈரத்தில் நின்று செய்யும் வேலை என்பதால் கசிவு மின்சாரத்தில் தானாக அணையும் பிரேக்கரும், முழங்கையால் தட்டினாலும் நிற்கும் காளான் பட்டனும் அதோடு சேர்த்தி.

தூசிக்கு வருகிறேன். வாளுக்குப் பயப்படுகிறவர்கள்கூடத் தூசியைக் கண்டுகொள்வதில்லை. பதப்படாத எலும்பை அறுத்தால் பறக்கும் துகளில் ரத்தம் இருக்கும், அந்த ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் இருக்கலாம். முதுகெலும்புக் காசநோய் கேஸாக இருந்தால் காற்றிலேயே கிருமி. முழு முகத்தையும் மறைக்கும் கவசமும் என்95 மாஸ்க்கும் போட்டு, ஈரமாக வைத்து, கதவைச் சாத்தி அறுக்க வேண்டும். பதப்பட்ட எலும்பில் கிருமிப் பயம் குறைவு, பதிலுக்கு ஃபார்மலின் ஆவி. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முதல் பிரிவில் சேர்த்தது. என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு கண் எரிய நின்று அறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அறுப்பதற்கு முன்னால் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினாலே பாதி குறையும். மீதிக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், அதுவும் முகத்துக்கு மேலே இல்லாமல் மேடை மட்டத்தில்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அறுக்க வேண்டும்? ஆஸ்டியோசார்கோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வரும் புற்று. முதலில் கீமோ கொடுப்பார்கள், பிறகு அந்த எலும்புப் பகுதியை எடுத்து உலோக மூட்டு வைப்பார்கள். எடுத்த எலும்பில் கட்டி எத்தனை சதவீதம் செத்திருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். தொண்ணூறோ அதற்கு மேலோ என்றால் கீமோ நன்றாக வேலை செய்திருக்கிறது. அந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்று டாக்டர்கள் வீட்டாரிடம் பேசும்போது இந்த எண்ணும் கூட வரும். அதற்கு, கட்டி அதிகமாகத் தெரிகிற தளத்தில் எலும்பை நீளவாக்கில் அறுத்து, நடுப் பலகையை நாலைந்து மில்லிமீட்டர் கனத்தில், கோணாமல் எடுக்க வேண்டும். பலகையைப் படம் எடுத்து, பிரின்ட் போட்டு, கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து எண் போட்டு, ஒவ்வொரு கட்டமும் மெழுகில் பதித்த ஒரு பிளாக் ஆகும். இருபது, முப்பது பிளாக் சாதாரணம். பலகை ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் எட்டு மில்லிமீட்டர் என்று கோணலாக வந்தால் கனமான பக்கம் அமிலத்தில் கரையத் தாமதமாகும், அதற்குள் மெல்லிய பக்கம் அமிலம் ஏறிச் சாயம் பிடிக்காமல் போகும். உயிரோடிருக்கும் செல்லா, செத்ததா என்று பார்க்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெளிறித் தெரியும். விரலைக் காப்பாற்றுகிற அதே கிளாம்ப்தான் பலகையையும் நேராக வைக்கிறது.

அறுத்த முகத்தை நகப் பிரஷ்ஷால் தண்ணீரில் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எலும்புத் தூள் மஜ்ஜைக்குள் அப்பிக்கொண்டு, ஸ்லைடில் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அப்புறம் அமிலம். எலும்பை எலுமிச்சைச் சாற்றில் போட்டு ரப்பர்போல் வளைக்கிற பள்ளிக்கூட விளையாட்டேதான், நாங்கள் ஃபார்மிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ வைத்துச் செய்கிறோம். அவசரமில்லை, மரபணுச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும் என்றால் இடிடிஏ என்ற மெதுவாகத் தாதுவை எடுக்கும் மருந்து, அது வாரக்கணக்கில் இழுக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்திருக்கும் லேபுகளுக்கு ஒரு வார்த்தை: ஃபார்மலின் சொட்டச் சொட்ட எலும்பை அதில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் புற்று உண்டாக்கும் வேறொரு பொருள் உருவாக வாய்ப்புண்டு. அலசிவிட்டுப் போடுங்கள்.

மாதம் இரண்டு எலும்பு வருகிற சின்ன லேபுக்குப் பேண்ட்சாவே வேண்டாம் என்பது என் கட்சி. மேஜையில் போல்ட் போட்டு இறுக்கிய பெஞ்ச் வைஸ், கையால் இழுக்கும் ஹாக்சா, ஒவ்வொரு ஸ்பெசிமனுக்கும் புது பிளேடு. நேரம் பிடிக்கும், கை வலிக்கும், பலகை கொஞ்சம் சொரசொரப்பாக வரும். ஆனால் கையை நிறுத்தினால் வாள் நிற்கும். மோட்டார் வைத்த எதற்கும் இந்தக் குணம் கிடையாது.

மீந்த எலும்பு மஞ்சள் பையில், எரியூட்டும் நிலையத்துக்கு. 2016-ம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதி அப்படித்தான் சொல்கிறது. சில வீட்டார் வந்து, "காலைக் குடுத்துருங்க, காட்டுல வெச்சுப் பொதைக்கோணும்" என்று நிற்பார்கள். ரம்பத்துக்குப் போகும் முன்பே ரிஜிஸ்டரில் வீட்டார் கேட்டிருக்கிறார்களா என்ற பத்தியைப் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். பலகை பலகையாக அறுத்த காலை எந்த அப்பாவிடம் நீட்டுவது?

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கீழ்ச் சக்கரப் பெட்டியைத் திறக்க வேண்டும். கொழுப்பும் எலும்புமாவும் அங்கேதான் பிசுபிசுவென்று சேரும். அட்டெண்டர் அக்கா பிளக்கைப் பிடுங்கி, அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டுதான் துடைப்பார். தோளில் பிளக் இருக்கும்வரை யாரும் ஸ்விட்ச் போட முடியாது என்பது அவர் கண்டுபிடித்த பூட்டு. வி பிளாக்கின் பள்ளத்தில் இப்போது வாள் பட்ட கோடுகள் நிறைய விழுந்துவிட்டன. போன மாதம் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். அளவு ஞாபகமிருக்கிறது, பழசைக் கொண்டுவரவே வேண்டாம் என்றார்.